லட்சம் கிலோமீட்டர் ஓடிய பைக்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

2008-இல் அப்பா வாங்கிய ஸ்பிளெண்டர் பிளஸ் என் கைக்கு வந்தபோது அதற்குப் பன்னிரண்டு வயது. கிலோமீட்டர் கேபிள் அறுந்து எத்தனை நாளாயிற்று என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பக்கத்திலிருந்த ஒரு பட்டறையில் விட்டேன். மாலையில் போனபோது, ஏதோ ஸ்பேர் வந்த பெட்டியைக் கிழித்து, அந்த அட்டையின் பின்பக்கத்தில் பதினாறு வரிப் பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். செயின் செட், கோன் செட், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, ஷாக் அப்சார்பர். எல்லாவற்றுக்கும் கீழே கோடு போட்டு, 'இன்ஜின் வேலை'. மொத்தத் தொகை, அன்றைக்கு வண்டியை விற்றால் கிடைக்கும் விலைக்குப் பக்கத்தில் வந்தது.

பாதியை மாற்றினேன், பாதியைத் தள்ளிப்போட்டேன். எந்தப் பாதி என்பதில்தான் தப்பு செய்தேன். நன்றாக இருந்த பிஸ்டனை மாற்றினேன். பட்டியலிலேயே இல்லாத, பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மின் புஷ் தேய்ந்து, வளைவுகளில் வண்டியின் பின்பக்கம் ஆடுவது தெரியாமலேயே ஆறு மாதம் ஓட்டினேன்.

பழைய வண்டியை வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டவர்களுக்கும், செகண்ட் ஹேண்டில் எடுத்தவர்களுக்கும் அந்த நிலைமை வரக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு என் வண்டி போன்ற 100 சிசி, ஏர் கூல்டு, டிரம் பிரேக் வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். மற்ற பைக்குகளுக்கும் முறை ஒன்றுதான், அளவுகள் மட்டும் மாறும். அந்த அளவுகளை உங்கள் வண்டியின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் தேயாத பாகமே இருக்காது. 'இது தேய்ந்திருக்கிறதா' என்று மெக்கானிக்கிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் சொல்வார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. அதனால் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து 'இது போனால் என்ன ஆகும்' என்று கேளுங்கள். பதில் நான்கில் ஒன்றாக இருக்கும். நான் கீழே விழுவேன். வழியில் நிற்பேன். இது இன்னொரு பாகத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். அல்லது, கொஞ்சம் சத்தமும் கொஞ்சம் மைலேஜ் குறைவும், அவ்வளவுதான்.

பணம் செலவாக வேண்டிய வரிசையும் இதுதான். முதல் வகைக்குப் பேரம் கிடையாது. கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் அது டயருக்கும் பிரேக்குக்கும் போகட்டும். இன்ஜின் கொஞ்சம் புகை விட்டால் விடட்டும்.

முதலில் கழுவுங்கள், பிறகு ஓட்டுங்கள்

சோதனைக்கு முன் வண்டியைக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் ஆயில் கசிவும் தெரியாது, சேஸியில் விரிசலும் தெரியாது. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து இன்ஜின் அடிப்பக்கம், செயின் பாக்ஸ், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பைப் மூன்றையும் சுத்தம் செய்துவிட்டு இரண்டு நாள் ஓட்டினால், எங்கிருந்து கசிகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மீட்டரை நம்ப வேண்டாம். பழைய மீட்டர்களில் ஐந்து இலக்கம்தான். 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யம். 23,000 என்று காட்டும் வண்டி 1,23,000 ஓடியதாக இருக்கலாம். கேபிள் அறுந்து கிடந்த வருடங்கள் வேறு. அதற்குப் பதிலாகக் கிக்கர் ரப்பர், ஃபுட் ரெஸ்ட் ரப்பர், பிரேக் பெடலில் கால் படும் இடம், சாவி துவாரம் ஆகியவற்றைப் பாருங்கள். பெடலின் வரிகள் மழமழவென்று தேய்ந்துபோயிருந்தால் வண்டி நிறைய உழைத்திருக்கிறது.

அப்புறம் ஒரு நோட்டு. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எதைப் பார்த்தீர்கள், எதை மாற்றினீர்கள். இது இல்லாமல் பழைய வண்டியை வைத்துக்கொள்வது கஷ்டம். 'போன வருஷம்தானே மாற்றினோம்' என்று நாம் நினைப்பது பெரும்பாலும் மூன்று வருஷமாக இருக்கும்.

கீழே தள்ளக்கூடியவை

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின் சீட்டை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். இப்போது ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வெண்ணெய் போலத் திரும்ப வேண்டும். நடுவில், நேராக வரும் இடத்தில், ஒரு பள்ளத்தில் விழுந்து உட்காருவது போலத் தோன்றினால் கோன் செட்டில், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங்கில், குண்டுகள் பள்ளம் போட்டுவிட்டன. அதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். பள்ளம் இல்லை, ஆனால் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் 'டக்' என்கிறது என்றால், முதலில் இறுக்கிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும், செலவு கூலி மட்டும்.

அதே நிலையில் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங். சுற்றிவிட்டால் 'கரகர' என்று கையில் உணர்வதும் அதுதான். பேரிங் வாங்குவது எளிது. பழையதின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். அதன் கடைசி இரண்டு இலக்கம் உள் துளையைச் சொல்லும்: 01 என்றால் 12 மில்லிமீட்டர், 02 என்றால் 15, 03 என்றால் 17. அதே எண்ணைச் சொல்லி எந்த நல்ல பேரிங் கடையிலும் வாங்கலாம். ரப்பர் மூடி உள்ளதாகக் கேளுங்கள். நம் ஊர் மழைக்கும் சேற்றுக்கும் அது தாங்கும்.

பின்சக்கரத்தில்தான் நான் ஏமாந்தேன். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது எது ஆடுகிறது என்று கூர்ந்து பாருங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். சக்கரத்தோடு சேர்ந்து சுவிங் ஆர்மும் அதன் அச்சில் அசைந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. புஷ்ஷின் விலை குறைவு. பழைய துருவில் ஒட்டிக்கொண்ட அச்சுப் போல்ட்டைக் கழற்றுவதுதான் பெரிய வேலை, அதனாலேயே யாரும் அதைப் பேச்சில் எடுப்பதில்லை. மாற்றிய அன்று முதல் வளைவில் திரும்பியபோது, வண்டி வேறு வண்டியாக இருந்தது.

பிரேக்குக்கு வருவோம். டிரம் பிரேக்கில் ஷூவைக் கழற்றாமலே தேய்மானம் பார்க்க வழி உண்டு. பிரேக் ஆர்மில் ஒரு அம்புக்குறியும், பிரேக் பிளேட்டில் ஒரு முக்கோணக் குறியும் இருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது அம்பு அந்தக் குறியை எட்டிவிட்டால் ஷூ முடிந்தது. இதில் ஒரு ஆபத்தான பழக்கத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஷூ தேய்ந்து பிரேக் பிடிக்காமல் போனால், சிலர் அந்த ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். பிரேக் மறுபடி பிடிப்பது போலத் தெரியும். ஆனால் அம்புக்குறி சொல்லும் கணக்கு அத்தோடு பொய். யாரோ அப்படிச் செய்திருக்கிறார்களா என்று தெரியாத வண்டியில், ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி ஷூவைக் கண்ணால் பார்த்துவிடுவதே நல்லது.

கழற்றும்போது இரண்டு விஷயம். உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடையுங்கள். அடுத்து, பிரேக் கேமைப் பாருங்கள். ஷூவை விரிக்கும் சிறிய இரும்பு அச்சு அது. பிரேக் இறுகிப்போய்த் திரும்பாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அது காய்ந்து துருப்பிடித்திருப்பதுதான். சுத்தம் செய்து துளியளவு கிரீஸ் வைத்தால் பழைய ஷூவே நன்றாக வேலை செய்யும். ஷூவின் மேல் மட்டும் கிரீஸ் படக்கூடாது.

டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராக, பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் ஒரு மேடு தெரியும். டயர் அந்த மேட்டின் உயரத்துக்குத் தேய்ந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. இதைப் பலரும் பார்க்கிறார்கள். வயதைத்தான் பார்ப்பதில்லை. நான்கு இலக்கம் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். முன் டயர் மெதுவாகத் தேய்வதால் பட்டன் நிறைய இருக்கும்போதே ரப்பர் கெட்டியாகி, ஓரத்தில் மயிரிழை விரிசல்கள் விட்டிருக்கும். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றக்கூட நேரம் இருக்காது. அந்த டயரைப் பட்டன் இருக்கிறதே என்று வைத்திருக்காதீர்கள். டயர் மாற்றும்போது டியூபையும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்போக்ஸ் சக்கரம் என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று ஒலிக்காமல் 'டொக்' என்பவை தளர்ந்தவை. கோட்டம் எடுப்பவரிடம் கொடுத்தால் போதும், ரிம் மாற்றத் தேவையில்லை.

ஃபோர்க் ஆயில் சீல் கசிந்தால் அந்த ஆயில் வழிந்து பிரேக் டிரம் வரை போகக்கூடும். அதனால் அதையும் இந்த வகையிலேயே வைக்கிறேன். புது சீல் போடும் முன் ஃபோர்க் பைப்பை விரலால் தடவிப் பாருங்கள். துருப்புள்ளிகள் இருந்தால் அவை புது சீலை ஒரே மாதத்தில் அறுத்துவிடும். இரண்டு பக்கமும் ஒன்றாகச் செய்து, இரண்டிலும் ஒரே அளவு ஆயில் ஊற்ற வேண்டும்.

செயின்: மூன்றும் ஒன்றாக

ஸ்பிளெண்டரில் செயின் முழுவதும் மூடிய பாக்ஸுக்குள் ஓடுகிறது. தூசி படாததால் ஆயுள் அதிகம். ஆனால் கண்ணில் படாததால் யாரும் எண்ணெய் விடுவதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. பாக்ஸின் கீழ்ப்பாதியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து வெளிப்பக்கம் இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் தெரிந்தால் செயின் நீண்டுவிட்டது. இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் அளந்துவிடலாம். இந்த வகை வண்டிகளில் வரும் 428 செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை 12.7 மில்லிமீட்டர். செயினை விறைப்பாகப் பிடித்து இருபது இடைவெளியை அளந்தால் புதுச் செயினில் 254 மில்லிமீட்டர் வரும். 259-ஐ எட்டினால் இரண்டு சதவீதம் நீண்டுவிட்டது என்று கணக்கு; அதற்கு மேல் ஓட்டக்கூடாது. தையல் டேப் வேண்டாம், இரும்பு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடங்களில் தொய்வையும் பாருங்கள். ஒரு இடத்தில் விறைப்பாகவும் இன்னொரு இடத்தில் தொளதொளவென்றும் இருந்தால், அந்தச் செயினை எப்படி அட்ஜஸ்ட் செய்தாலும் தப்பாகத்தான் இருக்கும். ஸ்ப்ராக்கெட் பற்கள் ஒரே பக்கம் சாய்ந்து கொக்கி போல இருந்தால் அதுவும் முடிந்தது. முன் ஸ்ப்ராக்கெட்டில் பற்கள் குறைவு. ஒவ்வொரு பல்லும் அதிக முறை செயினைச் சந்திக்கிறது, அதனால் அது முதலில் தேயும்.

மாற்றினால் செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் மாற்ற வேண்டும். நீண்ட செயின் ஸ்ப்ராக்கெட்டைத் தன் அளவுக்குத் தேய்த்து வைத்திருக்கும். அதில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே கெட்டுவிடும். 'ஒரு ஜோடிக் கண்ணியை வெட்டிவிட்டால் இன்னும் ஓட்டலாம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீண்டது எல்லாக் கண்ணியும்தான். இரண்டை வெட்டியதால் மற்றவை குட்டையாகிவிடாது. அறுந்த செயின் கேஸில் சிக்கிப் பின்சக்கரத்தைப் பூட்டிவிடலாம், அல்லது இன்ஜினின் வெளிக்கூட்டையே உடைக்கலாம். செயின் செட்டில் நல்ல தயாரிப்புக்கு நமக்குப் பஞ்சமில்லை. கோவை எல்.ஜி.பி.யின் ரோலான், முருகப்பா குழுமத்தின் டைமண்ட் இரண்டுமே இந்தியா முழுதும் போகிறவை.

மாட்டிய பிறகு ஒன்றை நீங்களே பாருங்கள். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

கியர் மாற்றும்போதும் ஆக்சிலரேட்டர் திருகும்போதும் பின்னால் 'டொக்' என்று உதைத்தால், செயினைக் குறை சொல்லும் முன் பின் ஹப்பில் இருக்கும் ரப்பர்களைப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் திருகினால் தாராளமாக ஆடும். ரப்பர் மாற்றினால் உதைப்பு நின்றுவிடும். விலையும் மிகக் குறைவு.

இன்ஜின்: இறக்குவதற்கு முன்

'இன்ஜின் இறக்கணும்' என்பது பழைய வண்டி வைத்திருப்பவரைப் பயமுறுத்தும் வார்த்தை. அதைக் கேட்டதும் சம்மதிக்கவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். எதற்காக என்று கேளுங்கள். புகை, சத்தம், இழுவை இல்லை, இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். ஒவ்வொன்றுக்கும் சின்னக் காரணமும் உண்டு, பெரிய காரணமும் உண்டு.

என் வண்டி காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலமாகப் புகை விடும். அரை நிமிடத்தில் நின்றுவிடும். பிஸ்டன் போய்விட்டது என்றார்கள். சிலிண்டரை போர் போட்டு, அதாவது உள்ளே குடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். இரண்டு மாதம் கழித்து அதே காலைப் புகை. அப்புறம் தெரிந்தவர் ஒருவர் வேறு ஊரிலிருந்த வயதான மெக்கானிக்கிடம் அழைத்துப் போனார். அவர் வண்டியைத் தொடவே இல்லை. "எப்ப தம்பி புகை வருது? ஸ்டார்ட் பண்றப்பவா, ஓடுறப்பவா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "வால்வு சீல்" என்றார். ராத்திரி முழுக்க ஆயில் சொட்டுச் சொட்டாக வால்வு வழியே இறங்கி, காலையில் முதல் அரை நிமிடத்தில் எரிந்து தீர்ந்திருக்கிறது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

அந்த ஒரு கேள்வி எனக்கு எவ்வளவோ பணத்தை மிச்சப்படுத்தியிருக்கும். ஆகவே கவனியுங்கள்: குளிர்ந்த ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை, அல்லது இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி திருகும்போது மட்டும் நீலப்புகை என்றால் வால்வு சீல் அல்லது வால்வு நகரும் குழாயான கைடு. மேட்டில் இழுக்கும்போது தொடர்ந்து புகைந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர். கறுப்புப் புகை ஆயிலே இல்லை. பெட்ரோல் அதிகமாகப் போகிறது, கார்புரேட்டரையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

புகை கண்ணுக்குத் தெரியாமலும் ஆயில் குறையலாம். ஆயில் மாற்றிய நாளில் டிப் ஸ்டிக்கின் மேல் கோடு வரை ஊற்றி, வாரம் ஒரு முறை பாருங்கள். எவ்வளவு ஊற்றினீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஐம்பது, நூறு மில்லி குறைவதைப் பழைய வண்டியில் நான் பொறுத்துக்கொள்வேன். அளவு மாதாமாதம் கூடிக்கொண்டே போனால்தான் இன்ஜின் வேலைக்குப் பணம் சேர்க்கத் தொடங்குவேன். அதுவரை கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. இந்தச் சின்ன இன்ஜினில் ஒரு லிட்டர்கூட ஆயில் இல்லை, அதில் பாதி போனால் கிராங்க் வரை பாதிக்கும்.

இழுவை இல்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங் பக்கம் கசிவு. ஆயில் சிறிது நேரம் அந்த இடைவெளியை அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. சிலிண்டரின் மேல் இருக்கும் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், போர் வேலை வேண்டாம். ஆனால் இதற்கெல்லாம் முன்பே டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட், அதாவது வால்வைத் தட்டித் திறக்கும் பாகத்தின் இடைவெளி, பார்த்துவிடுங்கள். டாப்பெட் அதிகமாக இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷனும் வராது. கொஞ்சம் 'டிக் டிக்' சத்தம் வந்தாலும் பரவாயில்லை. சத்தமே வராதபடி இறுக்கிய டாப்பெட் வால்வைக் கருக்கிவிடும்.

சத்தங்களில், ஸ்பிளெண்டர்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது இடது பக்கத்து 'சரசர', அதாவது இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின். முதலில் ஆயில் மாற்றிப் பாருங்கள், பிறகு அதை விறைப்பாக வைக்கும் டென்ஷனரும் அதன் ரப்பர் ரோலரும். அதிலும் அடங்காவிட்டால் டைமிங் செயின். நாளைக்கே மாற்ற வேண்டிய அவசரம் இல்லை, ஆனால் வருடக்கணக்கில் விடவும் கூடாது. அது தின்னும் பாகங்கள் விலை கூடியவை. அடியிலிருந்து, மேடு ஏறும்போது, கனமாக 'டக் டக்' என்று வந்தால் அது கனெக்டிங் ராட். அந்தச் சத்தத்தோடு வண்டியை ஓட்டாதீர்கள். வீட்டுக்குக்கூடத் தள்ளிக்கொண்டு போங்கள்.

சரி, கடைசியில் இன்ஜின் இறக்கியே ஆக வேண்டும் என்று முடிவானால், அரைகுறையாக வேண்டாம். சிலிண்டர் முட்டை வடிவில் தேய்ந்திருக்கும்போது புது ரிங் மட்டும் போடுவது வீண். லேத்தில், உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். போர் போடுவதென்றால் பிஸ்டனை முதலில் வாங்கி லேத்துக்காரரிடம் கொடுங்கள். அவர் அந்த பிஸ்டனை அளந்து அதற்கேற்ப சிலிண்டரைக் குடைய வேண்டும். முதல் முறை 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் போதுமானால் 0.50-க்குத் தாவ வேண்டாம். அடுத்த முறைக்கு இரும்பு மிச்சம் இருக்கட்டும். திறந்திருக்கும்போதே வால்வு சீல், டைமிங் செயின், கேஸ்கெட் முழுவதும் மாற்றிவிடுங்கள். இவற்றின் விலை கொஞ்சம், மறுபடி திறக்கும் கூலிதான் அதிகம். ஸ்பிளெண்டரில் தூக்கி எறியும் ஆயில் ஃபில்டர் கிடையாது. கிளட்ச் பக்க மூடிக்குள் சுழன்று அழுக்கைப் பிடிக்கும் ஒரு கிண்ணமும், ஒரு வலையும் இருக்கும். பல வண்டிகளில் வாங்கிய நாளிலிருந்து அந்தக் கிண்ணத்தை யாரும் திறந்தே இருக்கமாட்டார்கள். அதைச் சுத்தம் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

மற்றவை

கிளட்ச் வழுக்கினால், அதாவது டாப் கியரில் திருகினால் இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை என்றால், பிளேட் வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள். லீவரில் கொஞ்சம் லூஸ் இருக்கிறதா? ஆயில் எது? காருக்கான ஆயிலை ஊற்றியிருந்தால் அதிலுள்ள வழுக்குப் பொருளாலேயே, ஆயிலில் நனைந்து ஓடும் ஈர கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஈர கிளட்ச்சுக்கான தரக்குறி, ஜாசோ எம்.ஏ. என்று போட்டிருக்க வேண்டும்.

பிரேக் கேபிள் தவிர மற்ற கேபிள்கள் எல்லாம் முன்பு சொன்ன இரண்டாம் வகை, அறுந்தால் வழியில் நிற்பீர்கள். முனையில் ஒரு இழை பிரிந்து நின்றாலும் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் குழாய் ரப்பர் விறைத்து விரிசல் விட்டிருந்தால் உடனே மாற்றுங்கள். நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது, இந்த வண்டிகளின் பழைய ரப்பர்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கார்புரேட்டரில் உள்ள ஓ ரிங்குகளுக்கும் இது பொருந்தும்.

ஹெட்லைட் ஐடிலில் மங்கி, திருகினால் பிரகாசமாவது பழைய ஸ்பிளெண்டரில் கோளாறு இல்லை. விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து போகாமல் நேராக மேக்னெட் காயிலிலிருந்து போகிறது. அதற்காக பேட்டரி மாற்றாதீர்கள்.

பாகம் எங்கே வாங்குவது

பிரேக் ஷூ, கோன் செட், வால்வு சீல், டைமிங் செயின், கேஸ்கெட் இவற்றைக் கம்பெனி ஜெனியூன் ஸ்பேராகவே வாங்குங்கள். உறையில் பாக எண்ணும் எம்.ஆர்.பி.யும் அச்சிட்டிருக்கும். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போய் வைத்து ஒப்பிடுங்கள். 2010 டிசம்பரில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்துவிட்டாலும் பழைய ஹீரோ ஹோண்டா வண்டிகளுக்குப் பாகம் கிடைப்பதில் சிரமமே இல்லை. அந்த 97.2 சிசி இன்ஜின் குடும்பம் அத்தனை வருடம் ஓடியிருக்கிறது.

சைடு பேனல், மட்கார்டு, மீட்டர் கூடு, ஹெட்லைட் டூம் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. புது ஸ்பேருக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. டயர், பேரிங், பிரேக், கேபிள், செயின் இவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பழையதாக வாங்காதீர்கள்.

எவ்வளவு வரை செலவு செய்யலாம்

இதற்கு ஆர்.சி.யைப் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன் பின் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, தகுதி பார்த்து, 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். முடிய ஆறு மாதமே இருக்கும்போது பெரிய இன்ஜின் வேலை செய்வதென்றால், புதுப்பிக்கப் போகிறீர்களா என்று முதலில் முடிவு செய்யுங்கள். புதுப்பிப்பதாக இருந்தால் பிரேக், டயர், விளக்கு, ஹாரன் வேலைகளை அதற்கு முந்தின மாதம் வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். சேஸியில், முக்கியமாக ஸ்டீரிங் கழுத்துப் பகுதியிலும் சுவிங் ஆர்ம் மாட்டும் இடத்திலும், துரு உள்ளே தின்று விரிசல் விட்டிருந்தால் மட்டும் வேறு எதற்கும் செலவு செய்யாதீர்கள். அந்த வண்டியை விட்டுவிடலாம்.

மற்றபடி வேலைகளைச் சேர்த்துச் செய்யப் பழகுங்கள். பின்சக்கரம் கழற்றும் நாளில் ஷூ, பேரிங், ஹப் ரப்பர், செயின் செட், சுவிங் ஆர்ம் புஷ் எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஃபோர்க்கைக் கழற்றும் நாளில் கோன் செட். மாற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வாருங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார், கேட்காமலேயே பையில் போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. வீட்டில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், எவ்வளவு தேய்மானத்தில் அந்த உதைப்பும் அந்தச் சத்தமும் வந்தன என்று கைக்கும் கண்ணுக்கும் பழகும்.

வேலை முடிந்த முதல் 500 கிலோமீட்டரில் புதுச் செயின் கொஞ்சம் தளரும், கோன் செட் அமர்ந்து லேசாக லூஸாகும், ஸ்போக்ஸ் இறுக்கியிருந்தால் அவையும் அசையும். போர் போட்ட இன்ஜின் என்றால் அதுவரை முறுக்காமல், ஆனால் ஒரே வேகத்திலும் போகாமல், ஏற்றி இறக்கி ஓட்டிவிட்டு ஆயிலை மாற்றுங்கள். அந்த 500-வது கிலோமீட்டரில் மறுபடி சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டில், இரண்டு சக்கரம், செயின் தொய்வு, ஆக்சில் நட்டு எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.